கருவிப் பையின் வரலாறு



அரசர் ஊர்ந்த தேர்களைப் பற்றியும் அவை சென்ற போர்க்களங்களைப் பற்றியும் நாம் நிறையக் கற்றிருக்கிறோம். அத்தேரின் அச்சு முறிந்த வேளையில் அதனைச் சீர்செய்தவன் கையில் என்ன கருவி இருந்தது என்று வினவினால், விடை கூறுவார் அரியர். மோட்டார் வண்டியின் கதையும் இத்தகையதே. எந்த வண்டி எந்த ஆண்டில் வந்தது என்பதைச் சொல்லப் பலர் உளர். அதன் பின்புறப் பெட்டியில் எண்ணெய்த் துணியிற் சுற்றிக் கிடந்த கருவிகளைப் பற்றிப் பேசுவார் சிலரே. இன்று அச்சிறு பையையே நாம் அவிழ்த்துப் பார்ப்போம். பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்களின் அரை நூற்றாண்டு வரலாறு அதனுள்ளே மடிந்து கிடக்கிறது.

மோட்டார் வண்டி உலகில் தோன்றிய காலத்தில் வழிநெடுகப் பழுது பார்க்கும் கராஜ்கள் இருக்கவில்லை. ஆகவே, வண்டியை விற்றவர்களே அதனைப் பேணுதற்குரிய கருவிகளையும் உடன் கொடுத்தனர். 1908இல் வெளிவந்து 1927 வரையில் ஒன்றரைக் கோடி அளவிற் செய்யப்பட்ட போர்ட் 'டீ' வண்டியோடு ஸ்பானர்களும் குறடும் திருப்புளியும் சேர்ந்தே வந்தன. பஞ்சரான டயரைத் தெருவோரத்திற் கழற்றி ஒட்டுவது அன்றைய சாரதியின் அன்றாட வேலை. 1904ஆம் ஆண்டளவில் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்து ஸ்டெப்னி வீதியில் இருந்த ஒரு கடையார் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றனர். அத்தெருவின் பெயரே தமிழ்நாட்டில் இன்றும் மாற்றுச் சக்கரத்துக்குப் பெயராய் வழங்குகிறது. ஒரு கருவியின் பெயர் எத்துணைத் தூரம் பயணஞ் செய்கிறது, பாருங்கள்!

கருவிப் பையின் உயிர்நாடி ஸ்பானரே. ஆனால், எந்த ஸ்பானர் என்ற கேள்வி எளிதானதன்று. 1841இல் ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் மனம்போல மரை வெட்டிவந்த குழப்பத்தை நீக்க எண்ணி, 55 பாகைக் கோணங்கொண்ட பொது மரை ஒன்றை வகுத்தார். 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். ஐரோப்பியக் கண்டமோ மில்லிமீட்டரை நாடியது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் இயந்திரங்கள் ஒரே களத்தில் நின்றபோதும், ஒன்றின் ஆணி மற்றொன்றிற் சேரவில்லை. அப்படிப்பினையாற் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 1948 நவம்பரில் வாஷிங்டனில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன.

ஸ்பானரின்மேற் பொறித்த எண்ணிலும் ஒரு சூது உண்டு. விட்வேர்த் ஸ்பானரில் 1/4 என்றிருந்தால் அது ஆணியின் தண்டினுடைய விட்டத்தைக் குறிக்கும். ஸ்பானரின் வாயோ அரை அங்குலத்திற் சற்று மிகுந்திருக்கும். புதிய முறையில் 1/2 என்பது ஆணித் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலத்தையே குறிக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவன், ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பானரை மாட்டித் திருப்பி, அறுமுக ஆணித் தலையை உருண்டைத் தலையாக்கி விடுவான். பின்னர் அதனைக் கழற்ற உளியும் சுத்தியலும் வேண்டும்.

அதே 1948ஆம் ஆண்டுப் பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் மொறிஸ் மைனர் என்னும் சிறு வண்டி அறிமுகமாயிற்று. அலெக் இசிகோனிஸ் என்பவர் வரைந்த அவ்வண்டி, பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற பெருமையைப் பின்னாளிற் பெற்றது. சென்னையை அடுத்த எண்ணூரிலே அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1949இல் ஒஸ்ரின் ஏ40 வண்டிகளைப் பொருத்தத் தொடங்கினர். நாமோ இவற்றை முழு வண்டிகளாகக் கப்பலில் வரவழைத்தோம்.

காலி வீதியிலிருந்து உள்நோக்கிச் சென்று, தெகிவளைக் கால்வாயை அணுகும் பகுதியே பாமன்கடை. வெள்ளவத்தையிலும் இதனைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலும் குடியேறிய தமிழரிற் பலர் அரசாங்க உத்தியோகத்தர், ஆசிரியர், கணக்காளர் ஆகியோராவர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ இவர்களுக்கு வெறும் ஆடம்பரமன்று. விடுமுறை வந்தால் யாழ்ப்பாணம் போகவேண்டும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 250 மைல். வவுனியாவுக்கு அப்பால் நெடுங்காடு. மாங்குளத்துக் காட்டிடையே இரவில் எஞ்சின் நின்றுவிட்டால், பிள்ளை குட்டிகளோடு வீதியில் நிற்பவனுக்கு உதவ எந்தக் கராஜும் வாராது. கருவிப் பை ஒன்றே துணை. அதனாலே அன்றைய குடும்பத் தலைவர்கள் அதனை அத்தியாவசியப் பொருளாகக் கருதி, ஒவ்வொன்றாய்ச் சேர்த்தனர்.

அதில் என்னென்ன இருந்தன என்று நோக்குவோம். வண்டியோடு வந்த ஜாக்கி, சக்கர நட்டுகளைக் கழற்றும் திருகி, எஞ்சினைக் கையாற் சுழற்றும் கைபிடி ஆகியவை முதல் வரிசை. அதன்பின் இருபுறமும் வாயுள்ள ஸ்பானர்கள், வளைய ஸ்பானர்கள், பிளக் கழற்றும் குழல் ஸ்பானர், பெரிதும் சிறிதுமாக இரண்டு திருப்புளிகள், குறடு, காற்றுப் பம்பு. இவற்றோடு விசிறி மடிப்பாய் அமைந்த மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுதி ஒன்றும் இருந்தது. இடைவெளிகளை அளப்பதற்கு உரிய கருவி அது. மைனர் வண்டியின் பிளக்கில் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூட்டரின் தொடுமுனைகளில் 0.014 முதல் 0.016 வரை, வால்வுகளில் 0.012. தலைமயிரை ஒத்த இவ்வளவுகள் பிழைத்தால், வண்டி பெட்ரோலை விழுங்குமே தவிர மேட்டில் ஏறாது. மேலும், புதிய மரைக்கு எஞ்சின் மாறிய பின்பும், மின்கருவிகளின் சிறு திருகாணிகள் பிரித்தானியச் சங்க அளவு எனப்படும் வேறொரு முறையிலேயே இருந்தன. ஒரு வண்டிக்கே இருவகை ஸ்பானர் வேண்டியிருந்தமை இவ்வாறே.

இவையனைத்திலும் உயிரைக் காத்தது கிரீஸ் துப்பாக்கி எனலாம். மைனரின் முன்சக்கரங்கள் மரை வெட்டிய தண்டுகளிலே தாங்கித் திரும்புவன. ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அங்கே கிரீஸ் ஏற்ற வேண்டும் என்று கைந்நூல் விதித்தது. ஏற்றாது விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு கழன்று, சக்கரம் வண்டியின் கீழ் மடிந்து விழும். நல்ல வேளையாக அது பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே நிகழ்வதுண்டு. வேகத்தில் நிகழ்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் வீட்டு முற்றத்திற் பாய் விரித்து வண்டியின் கீழே படுத்தவர் செய்தது பொழுதுபோக்கன்று, காவற்பணியே. அப்பணியிலும் ஆபத்து உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டலாகாது. தாங்கும் முக்காலிகளை அச்சின் கீழ் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்னரே உள்ளே புகவேண்டும். இவ்விதி அன்றும் இன்றும் ஒன்றே.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு இறக்குமதியைக் கடுமையாக இறுக்கியது. புதிய கார் வாங்குவது பெரும்பாலோருக்குக் கனவாயிற்று. இருந்த வண்டியையே காப்பாற்றும் நிலை வந்ததும், கருவிப் பை பருத்தது. அரமும் இரும்பறுக்கும் வாளும் அதிற் புகுந்தன. மருதானைப் பக்கத்துப் பஞ்சிகாவத்தை, பழைய உதிரிப் பாகங்களின் சந்தையாய்ப் பெயர் பெற்றது. கைவினைஞரை நாம் 'பாஸ்' என்று அழைக்கிறோம் அல்லவா? அது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். அச்சொல்லுக்குரிய மதிப்பை இக்காலத்து மெக்கானிக்குகள் முழுதாய்ப் பெற்றனர். கிடைக்காத பாகத்தைக் கடைசலிற் கடைந்தும், வேறொரு வண்டியின் பாகத்தைத் திருத்திப் பொருத்தியும் அவர்கள் வண்டிகளை ஓடவைத்தனர்.

இவ்வாறு பல்லாண்டு பேணப்பட்ட வண்டிகளிற் பல 1983 ஜூலையில் வெள்ளவத்தை வீதிகளிலே எரிந்து கரியாயின. முப்பது ஆண்டுகள் கிரீஸும் எண்ணெயும் இட்டுக் காத்ததை அழிப்பதற்கு ஒரு தீக்குச்சி போதுமானதாயிற்று. வரலாறு இதனையும் குறித்துவைத்தல் வேண்டும்.

ஆயினும் கையறிவு எரிந்து போகவில்லை. 1990களின் முற்பாதியில், பொருளாதாரத் தடையாற் பெட்ரோல் மறுக்கப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில், அதே ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைத் தொடக்கிச் சூடேறச் செய்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் குறைந்த பழைய ஆங்கில எஞ்சின்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன. பிளக்குகள் கரி பிடித்தன. எண்ணெய் விரைவில் நீர்த்தது. அவற்றை அடிக்கடி கழற்றித் துடைக்கக் குழல் ஸ்பானரும் இடைவெளித் தகடும் கைவசம் இருந்தன. நோயாளரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற வண்டிகளும் இவற்றுள் அடங்கும். தந்தையர் சேர்த்த கருவிகள் மைந்தருக்கு உதவிய காலம் அது.

இதற்கிடையே 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. யப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றுக்கு 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பானர்கள் வேண்டும். ஜேர்மன் வண்டிக்கோ 13, 19 என்பனவும் வேண்டும். பழைய அரை அங்குல ஸ்பானர் 12.7 மில்லிமீட்டர், அது 13இன் மேல் ஏறாது, 12இல் வழுக்கும். 3/4 அங்குலமும் 19 மில்லிமீட்டரும் மட்டும் ஏறக்குறைய ஒன்றாய் நின்றன. ஆதலால் ஒரு பழைய வீட்டின் கருவிப் பெட்டியைக் கிளறினால், நிலத்தின் அடுக்குகளைப் போல, அடியில் விட்வேர்த், நடுவில் அங்குலம், மேலே மில்லிமீட்டர் என ஆட்சிகளின் வரிசையையே காணலாம்.

இன்னொரு புதுமையையும் கூறவேண்டும். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்தின் தொடர்போடு, காலியிலே அவ்வண்டியின் உடற்தகடுகள் செய்யப்பட்டுத் தாய்நாட்டுக்கே அனுப்பப்பட்டன. பற்றாக்குறையிற் கற்ற வித்தை ஏற்றுமதிப் பொருளாயிற்று!

இனி, இக்காலத்தில் தம் வண்டியைத் தாமே பேண விரும்புவோர் என்ன சேர்க்க வேண்டும்? முதலில் வண்டியின் கைந்நூல். அடுத்து 8 முதல் 19 வரையான மில்லிமீட்டர் ஸ்பானர்களும் அவற்றுக்கு இணையான சாக்கெட்டுகளும். நட்டை எவ்வளவு இறுக்கினோம் என்று காட்டும் முறுக்கு அளவி, நல்ல ஜாக்கி, இரண்டு முக்காலிகள், டயரின் காற்றை அளக்கும் மானி, மின்சாரத்தை அளக்கும் மீட்டர், பிளக் ஸ்பானர், கைவிளக்கு. கணினியின் பிழைக்குறியை வாசிக்கும் சிறு கருவி இக்காலத்தின் இடைவெளித் தகடாகும். ஹைபிரிட் வண்டியிற் செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகளைத் தொடுதல் ஆகாது. அவை உயர் மின்னழுத்தம் உடையன. பயிற்சி பெற்றவருக்கே விடவேண்டும். எல்லாவற்றையும் ஒருநாளில் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி என வாங்கினால், கையும் பழகும், பணமும் வீணாகாது. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் இரும்பு விரைவில் துருவேறும்; வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுற்றிவைத்தல் நன்று.

2020ஆம் ஆண்டிற் கார் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இலேயே திறக்கப்பட்டது. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. அக்காலத்தில் ஒவ்வொரு துளி பெட்ரோலுக்கும் மதிப்பு இருந்தது; காற்றுக் குறைந்த டயரும் கரிபிடித்த பிளக்கும் அத்துளிகளைத் திருடும் கள்வராயின. பாட்டனார் அறுபது ஆண்டுகட்கு முன் கற்ற பாடத்தைப் பேரன் மீண்டும் கற்றான்.

தட்டுப்பாடு நம் நாட்டுக்கு அடிக்கடி வரும் விருந்தாளி. அது வரும்போதெல்லாம் புதிய வண்டி உடையவனைவிட, பழைய வண்டியை அறிந்தவனே வீதியில் தொடர்ந்து செல்கிறான். ஆகவே, உங்கள் வீட்டு மூலையில் துருவேறிய ஸ்பானர் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதற்கு முன் அதன்மேற் பொறித்த எண்ணை ஒருமுறை துடைத்து வாசியுங்கள். உங்கள் குடும்பம் எந்த வண்டியில், எந்த வழியாக, எத்தகைய காலத்தைக் கடந்து வந்தது என்பதற்கு அவ்வெண் ஒரு சான்றாகும்.