படகு ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்த கதை



போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் ஓஹையோவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். ஈரி ஏரியில் மீன் பிடிக்கச் சின்னதாக ஒரு மோட்டார் படகு வாங்கியிருக்கிறானாம். "சார், படகுல ரேடியோ மாட்டியிருக்கேன். இதுக்கு லைசென்சே வேண்டாம்ங்கிறாங்க. நிஜமா இருக்குமா சார்?" என்றான். எட்டாம் வகுப்பில் வரலாறு நடத்திய பாவத்துக்கு இன்னமும் என்னைத்தான் கேட்கிறான். நானும் தேடிப் படித்தேன். படித்தது சுவையாக இருந்ததால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் புதிதல்ல. வீட்டில் பாட்டுக் கேட்கிற பெட்டிக்கே தபால் ஆபீசில் வருடம் 15 ரூபாய் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கி வருவார் அப்பா. சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் பெட்டியைத் துணி போட்டு மறைத்த வீடுகளும் உண்டு. 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் அது கேட்கும் ரேடியோ. படகில் இருப்பது பேசும் ரேடியோ. ஒருவன் பேசினால் இன்னொருவன் பேச்சு அடிபடும். அதனால்தான் அங்கே அனுமதி என்ற விஷயமே வந்தது.

அதற்கு 1912க்குப் போக வேண்டும். ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபோது, பக்கத்தில் கலிபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் கம்பியில்லாத் தந்திக்கு ஒரே ஒரு ஆள். அன்றைய வேலை முடிந்து, மோதலுக்குச் சற்று முன்புதான் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தார். அழைப்பைக் கேட்டது தூரத்தில் இருந்த கார்பாத்தியா. விடியற்காலையில் வந்து 700க்கு மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. இதற்கிடையே கரையில், டைட்டானிக்கைப் பத்திரமாக ஹாலிஃபாக்ஸுக்கு இழுத்து வருகிறார்கள், பயணிகள் எல்லோரும் நலம் என்று செய்தி பரவி, பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. காத்திருந்த குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பழி பொழுதுபோக்குக்காகக் கருவி வைத்திருந்தவர்கள் மேல் விழுந்தது. அன்று அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அலையில் பேசலாம். பெயரும் கிடையாது, அனுமதியும் கிடையாது.

நான்கே மாதத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, ரேடியோ சட்டம் வந்தது. அனுப்பும் கருவிக்கும், இயக்கும் ஆளுக்கும் லைசென்ஸ் கட்டாயம். ஆபத்து அழைப்புக்கே முதலிடம். பேசுவது யார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. வருமானம் அல்ல.

பணம் பின்னால்தான் வந்தது. பெரிய கப்பலுக்கென இருந்த ரேடியோ சின்னப் படகுக்கும் இறங்கி வந்தது. வி.எச்.எஃப். என்று சொல்லும் அந்தச் சின்னப் பெட்டியில் 16ஆம் சானலில் கூப்பிட்டால் கடலோரக் காவல் படை கேட்கும். 1964இல் எஃப்.சி.சி. எனப்படும் தகவல் தொடர்பு ஆணையம் லைசென்ஸ் விண்ணப்பங்களுக்கு முதன்முறையாகக் கட்டணம் வைத்தது. 1974இல் கேபிள் டிவிக்காரர்கள் போட்ட வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைச் சொன்னது. கட்டணம் என்பது கட்டுகிறவருக்குக் கிடைக்கும் பயனுக்கானது; அதைத் தாண்டி வசூலித்தால் அது வரி; வரி போடுவது சட்டமன்றத்தின் வேலை, ஆணையத்தின் வேலை அல்ல. கட்டணத்துக்கும் வரிக்கும் வித்தியாசம் என்ன என்று வகுப்பில் கேட்டால் கூரையைப் பார்ப்பீர்களே, அதே கேள்விதான்! 1977இல் ஆணையம் வசூலையே நிறுத்திவிட்டது.

பிறகு நாடாளுமன்றமே சட்டம் போட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 1993இல் ஆணையத்தின் செலவை ஈடுகட்ட இன்னொரு கட்டணமும் சேர்ந்தது. படகுக்காரர் லைசென்ஸ் காலம் முழுவதற்கும் அதை முன்கூட்டியே கட்ட வேண்டும். அவர்கள் முணுமுணுத்ததில் எனக்கு வியப்பில்லை. உயிர் போகும் நேரத்தில் கூப்பிடுகிற கருவிக்குக் காசு என்றால், சிலர் கட்டாமல் வைத்திருப்பார்கள், சிலர் கருவியே வாங்க மாட்டார்கள். இரண்டுமே ஆபத்து. கடைசியில் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வழி திறந்தது. உள்நாட்டு நீரில் ஓடும் உல்லாசப் படகுகளின் வி.எச்.எஃப். ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று அதே ஆண்டில் ஆணையம் அறிவித்தது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. அங்கே லைசென்சை எடுக்கவில்லை, காசை எடுத்தார்கள். 2006 முதல் இணையத்தில் விண்ணப்பித்தால் இலவசம், ஆயுளுக்கும் செல்லும். பத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது விவரம் சரி என்று உறுதி செய்தால் போதும். கேட்டால், இங்கிலாந்து வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. காசு போனாலும் பெயர் பதிவில் நிற்கிறது.

பெயர் ஏன் முக்கியம் என்றால், இப்போதைய ரேடியோவில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் எம்.எம்.எஸ்.ஐ. என்ற ஒன்பது இலக்க எண்ணோடு ஆபத்துச் செய்தி போகும். ஜி.பி.எஸ். இணைத்திருந்தால் இடமும் போகும். கப்பல் எண்ணில் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும், இந்தியாவுக்கு 419. மீட்கப் போகிறவர்கள் அந்த எண்ணை வைத்துப் படகு எது, உரிமையாளர் யார், வீட்டுக்கு எந்த எண்ணில் பேசுவது என்று பார்ப்பார்கள். லைசென்ஸ் ஒழிந்தபின் அமெரிக்காவில் இந்தப் பதிவு படகுக்காரரின் பொறுப்பாகிவிட்டது. எண்ணைப் பதியாமல் பொத்தானை அழுத்தினால் யார் கூப்பிடுகிறார் என்றே தெரியாது.

மாணவனிடம் "எண் வாங்கிட்டியாப்பா?" என்றேன். "இல்ல சார், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றான். பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கும் இதே பதில்தான் சொல்வான்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். ஈரி ஏரிக்கு அக்கரை கனடா. அங்கே போய்க் கரையேறுவதென்றால் அமெரிக்கச் சட்டப்படி பழைய லைசென்ஸ் வேண்டும், இயக்குபவருக்கான அனுமதிச் சீட்டும் வேண்டும், இரண்டுக்கும் பணம் உண்டு. உள்நாட்டுக்கென்று தனியார் அமைப்பிடம் வாங்கிய எண் அதற்குச் செல்லாது, ஆணையம் வேறு எண் தரும். பல ரேடியோக்களில் நாமாக எண்ணை ஓரிரு முறைதான் பதிய முடியும், பிறகு கடைக்காரரிடம்தான் போக வேண்டும். அதனால் கனடா போகும் எண்ணம் இருக்கிறதா என்று முதலில் மனைவியிடம் கேட்டுவிட்டு, அப்புறம் எண் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.