முகப்பேரில் ஓர் அடைக்கலம்

அம்பத்தூரை அடுத்த முகப்பேரில், தெருவில் அலைந்த மனநோயுற்ற மகளிர்க்கென அமைந்த இல்லம் ஒன்றுண்டு. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்டிர் இருவர் தொடங்கிய பேன்யன் நிறுவனத்தினது அவ்வில்லம். அதன் பெயர் ‘அடைக்கலம்’. சிலம்பு பயின்ற நாம் அப்பெயரை எளிதிற் கடந்துபோதல் இயலாது.

சென்னையில் மனநோயாளரைப் பேணிய வரலாறு 1794இல் வாலன்டைன் கானலி நடத்திய மனையொடு தொடங்குகின்றது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பித்தர் காப்பகம் எழுந்தது. அது 1922இல் மனநோய் மருத்துவமனை எனவும், 1978இல் மனநல நிலையம் எனவும் பெயர் மாறிற்று. அடைத்தல், அடைதல் இரண்டும் ஒரு வேரினவே போலும். ஆயினும் ஒன்று சிறை, மற்றொன்று புகல்.

கவுந்தியடிகள் கண்ணகியை மாதரிபால் ஒப்புவித்த அடைக்கலக் காதையை யாவரும் அறிவர். ஒப்புக்கொண்ட பொருளைக் காவாதொழிந்தேன் எனக் கலங்கி அம்மாதரி உயிர்விட்டமை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாய்மொழியாக சில அடிகளில் முடிந்துவிடுகின்றது. உரைநூல்களும் அதன்கண் நெடிது நிற்பதில்லை. பேணப்படுவாரினும் பேணுவார் துயர் புறத்தே தோன்றுவதில்லை என்பதற்கு இதனினும் பழஞ்சான்று வேண்டா.

தற்கொலைக்கு முயன்றாரைக் குற்றவாளியெனக் கொண்ட பழஞ்சட்டநெறியை மாற்றி, அவர் கடுந்துயர்ப்பட்டோரெனக் கருதப்படுவர் எனவும், அவரைப் பேணுதல் அரசின் கடன் எனவும் வகுத்தது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அதற்கு முப்பதாண்டு முன்னரே, 1986இல், மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘சினேகா’வைத் தோற்றுவித்தார். அங்குத் தொண்டர் அறிவுரை கூறார்; துயருற்றார் சொல்வதைச் செவிமடுப்பர். தற்கொலையால் உற்றாரை இழந்து, காவாதொழிந்தோமே எனத் தம்மையே நொந்துகொள்வாரும் அவ்வாயிலை நாடலாம்.