சின்னக் காலுக்கு ஒரு சாக்ஸ்

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் வரலாற்று ஆர்வலர்களுக்கு முதலில் சித்தன்னவாசல், அடுத்து கருக்காக்குறிச்சி நினைவுக்கு வரும். 1898-இல் கருக்காக்குறிச்சியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான காலத்தவை. பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மேல் உளி வெட்டு! அதில் ஒரு பகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அதே மியூசியத்தில் அதே ரோமப் பேரரசைச் சேர்ந்த இன்னொரு பொருளும் இருக்கிறது. ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். இடது கால். காசுகளுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிந்தியது, கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. எகிப்தில் அந்தினோபோலிஸ் என்ற நகரத்தின் குப்பைமேட்டில் 1913-14 அகழாய்வில் கிடைத்தது. தங்கத்தைப் புதைத்து வைத்தார்கள், சாக்ஸைக் குப்பையில் போட்டார்கள். கணக்கு சரிதான் :) ஆனால் பார்க்கப் பார்க்க அலுக்காதது எது என்று கேட்டால் அந்தச் சாக்ஸ்தான்.

2018-இல் பல்வேறு ஒளியில் படம் எடுத்து அதை ஆராய்ந்தார்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி வகை வேர், நீலத்துக்கு நம் அவுரியைப் போன்ற ஒரு செடி, மஞ்சளுக்கு இன்னொரு செடி. மூன்றே சாயம்தான். அவற்றைக் கலந்தும் மாற்றியும் ஆறேழு நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். சில மாதங்களில் சிறியதாகிவிடப்போகும் ஒரு சாக்ஸுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்! பெருவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஓர் அறை. செருப்பின் வார் நடுவில் போக வேண்டுமே, அதற்காக.

இன்னொரு விஷயம். இது இரண்டு ஊசியில் பின்னியது அல்ல. ஒரே ஊசி, துண்டு துண்டு நூல். ஒவ்வொரு வளையத்திலும் முழு நூலையும் இழுத்து எடுக்க வேண்டும். இரண்டு ஊசிப் பின்னல் எகிப்தில் தலைகாட்டியது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

சரி, சின்னக் காலுக்கு எப்படி அளவு வைப்பது? பெரியவர் சாக்ஸின் நீளத்தைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. குழந்தையின் பாதம் நீளத்துக்கு ஏற்ற அகலத்தைவிடக் கொழுகொழுவென்று இருக்கும். சுற்றளவில் தொடங்க வேண்டும். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. ஓர் அங்குலத்துக்கு 8 கண்ணி என்றால், 8 அங்குலப் பாதத்துக்கு 64. சாக்ஸ் இழுத்துப் பிடிக்க வேண்டும், அதனால் பத்தில் ஒரு பங்கு குறைத்து, நான்கால் வகுபடும்படி 56 என்று வைப்பார்கள். குழந்தையின் பாதம் ஐந்தரை அங்குலம் என்றால் 44, குறைத்தால் 40. பாதி குதிகாலுக்கு, பாதி மேற்பாதத்துக்கு. கணக்குக்குப் பயந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. அதே 56 கண்ணிதான், ஆனால் மெல்லிய நூல், மெல்லிய ஊசி. அங்குலத்துக்கு 11 கண்ணி வரும்படி பின்னினால் சுற்றளவு தானாகவே சுமார் 5 அங்குலத்துக்கு இறங்கிவிடும்.

1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ பின்னல் தறியைச் செய்தபோது இந்த வேலை இயந்திரத்துக்குப் போனது. அவர் கேட்ட காப்புரிமையை எலிசபெத் ராணி தரவில்லை. கையால் பின்னிப் பிழைப்பவர்கள் பிச்சையெடுக்க நேரும் என்று ராணி சொன்னதாக ஒரு கதை உண்டு. லீ பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார்.

தறி மட்டும் நிற்கவில்லை. நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னுபவர்களில் பெரும்பாலோருக்குத் தறி சொந்தமில்லை, வாடகைதான். வேலை இல்லாத வாரத்திலும் வாடகை கட்ட வேண்டும்! (காஸ்ட் அக்கவுண்டிங்கில் நிலையான செலவு என்று படிக்கிறோமே, அதைத் தொழிலாளி தலையில் கட்டினார்கள்.) இதோடு இன்னொரு கொடுமையும் சேர்ந்தது. கண்ணியைக் கூட்டிக் குறைத்துக் காலின் வடிவத்துக்குப் பின்னுவதற்குப் பதிலாக, அகலத் தறியில் துணியாகப் பின்னி, கத்தரித்து, ஒட்டுத் தையல் போட்டு மலிவாக விற்றார்கள். தையல் விட்டுப்போகும், தொழிலின் பெயரும் கெடும். 1811-இல் லுட்டைட்டுகள் தறிகளை உடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இயந்திரத்தையே வெறுத்தவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. கேவலமான சரக்கையும் குறைந்த கூலியையும்தான் அவர்கள் எதிர்த்தார்கள். அரசாங்கம் 1812-இல் தறி உடைப்புக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியும் பலனில்லை.

இந்தியாவில் பின்னலாடைத் தொழில் 1893-இல் கல்கத்தாவில் ஆரம்பித்து, 1920களில் திருப்பூருக்கு வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், துணியாகப் பின்னி வெட்டித் தைப்பதுதான் திருப்பூர் பனியனின் முறையே! பனியனுக்கு அது பொருந்தும், உடம்புக்குக் குதிகால் கிடையாதே.

சாக்ஸ் இன்றும் குழாயாகத்தான் பின்னப்படுகிறது. 1958-இல் வந்த எலாஸ்டேன் நூல் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. ஒரே சாக்ஸ் மூன்று, நான்கு அளவுக் காலுக்கு இழுத்துக்கொடுக்கும், கடைக்காரருக்கும் சரக்கு தேங்காது. ஆனால் நூல் இழுபடுமே தவிர, குதிகால் வைத்த இடம் நகராது. எட்டு வயதுக்குப் பின்னியதை ஐந்து வயதுப் பிள்ளை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது, சாக்ஸின் குதிகால் கணுக்காலுக்கு மேலே ஏறி உப்பிக்கொண்டு நிற்பது அதனால்தான்.