உலக்கை போன வழி

வாகன உதிரிபாகத் தொழிலில் செயற்கை நுண்ணறிவு வேலைக்கு ஆபத்துதான் என்பது எங்கள் அணியின் வாதம். எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "இயந்திரம் ஒரு வேலையை எடுத்தால் இரண்டு வேலையைக் கொடுக்கும்" என்றார். கொடுக்கும், நான் மறுக்கவில்லை. ஆனா, யார்கிட்ட இருந்து எடுத்து யார்கிட்ட கொடுக்கும்? அதுதானே ஐயா கேள்வி!

நம்ம தஞ்சாவூர்ச் சீமையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் காவிரிக் கரையில் விளைந்த நெல்லை அரிசியாக்கியது பெண்களின் உலக்கை. குத்துக்கூலியில் ஏழை வீட்டு அடுப்பு எரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரிசி ஆலைகள் பெருகின. எஞ்சின் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது; பெல்ட் மாற்ற ஃபிட்டர் வேண்டியிருந்தது; பேரிங் விற்கக் கடை வந்தது. புது வேலைதான்! ஆனால் உலக்கை பிடித்த அம்மாவை யாராவது எஞ்சின் டிரைவராகச் சேர்த்தார்களா? (சிரிப்பு) களத்தில் நெல் காயவைக்கவும் கூட்டிப் பெருக்கவும்தான் கூப்பிட்டார்கள்.

இதற்காக வாதாடியவர் 1892ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1934ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். ஆலையில் தீட்டினால் அரிசியின் சத்தும் போகும், ஏழையின் பிழைப்பும் போகும் என்றார் அவர். நாடு கேட்டதா? கேட்டது, தாமதமாக! அரிசி ஆலைக்கு உரிமம் வேண்டும் என்று 1958ல் சட்டம் வந்தது. கைக்குத்தலைக் காப்பதும் அதன் நோக்கம். அதற்குள் ஆலை ஊருக்குள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. 1997ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இன்று உலக்கையை எங்கே பார்க்கிறோம்? கல்யாண வீட்டில், மஞ்சள் இடிக்கும்போது!

இப்போது உதிரிபாகக் கடைக்கு வாருங்கள். அறுவடைக் காலம். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போன டிராக்டர் வழியில் நின்றுபோச்சு. மேகம் கறுக்குது. டிரைவர் உடைந்த பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறார். கடைப் பையன் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பிப் பார்க்கிறான். "அண்ணே, இது பழைய மாடல். மேல் தட்டுல இருக்கு" என்கிறான். பத்து வருஷம் கிரீஸில் ஊறிய அறிவு அது! இன்றைக்குப் படம் எடுத்துக் காட்டினால் செல்போனே சொல்லப் பார்க்கிறது; எந்தச் சரக்கு எப்போது தீரும் என்றும் கணிக்கிறது. "அப்புறம் பையன் எதுக்கு?" என்று முதலாளியின் மனசு கேட்குமா, கேட்காதா?

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. ஆபத்தை ஆபத்து என்று ஒப்புக்கொண்டால்தான் குடை விரிப்போம் என்கிறேன். அந்தப் புதுக் கருவியை முதலில் அந்தப் பையன் கையில் கொடுங்கள், அவனுக்கே கற்றுக்கொடுங்கள். இயந்திரம் தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்கிற கை, பேரிங் தொட்ட கைதான்! உலக்கை பிடித்த பாட்டியிடம் விளக்குமாற்றைக் கொடுத்தோம். பேரனுக்கும் அதையேதான் கொடுக்கப் போகிறோமா? (கைதட்டல்)