மதராஸ் ஹெரால்டுக்கு எது அசல்?

பல வருஷம் ஷெட்டில் கிடந்த பழைய காரை மறுபடி ஓடவைப்பவர்கள், கம்பெனியிலிருந்து இறங்கிய நாளில் இருந்ததைப் போலவே அதை ஆக்கிவிட வேண்டும் என்றுதான் பாடுபடுகிறார்கள். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை இந்த அளவுகோலால் அளந்தால் அதன் வரலாற்றில் பாதி அழிந்துபோகும் என்பது என் துணிபு. 1953இல் வந்த டாரிஃப் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்ற கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லாமல் போனது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பின. நிலைத்த சிலரில் ஒருவர் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1961 முதல் அவர்கள் தந்த ஹெரால்டு பிறப்பால் பிரிட்டிஷ் கார். வடிவம் இத்தாலியரான மிக்கெலோட்டியுடையது. ஆனால் நாலு கதவு ஹெரால்டு பிரிட்டனில் வரவே இல்லை, இந்தியாவில்தான் வந்தது. அடுத்து வந்த கஸல் மாடலில் பின் ஆக்ஸில் அமைப்பையே கம்பெனி மாற்றியது. தயாரித்தவர்களே மாற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரே ஒரு அசல் நாளை எங்கே போய்த் தேடுவது?

ஹெரால்டின் உடல் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. அடியில் தனிச் சேஸிஸ். பிரிட்டனில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து தந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட, முழு பாடி கிடைக்காத நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு அது. அந்த நெருக்கடி நம் பட்டறைகளுக்கு வரமாக அமைந்தது. பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால் மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்; துருப்பிடித்த பாகத்தை மட்டும் கழற்றலாம். நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும்; பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டி எஞ்சின் ஜாம் ஆகும்; ஈரத்தை உறிஞ்சிய பிரேக் ஆயில் சிலிண்டரை அரிக்கும். அனுபவசாலி எடுத்ததும் ஸ்டார்ட் செய்ய மாட்டார். பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு ஊறவைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்ப்பார். இறக்குமதி பாகம் எட்டாத காலத்தில் புஷ்ஷை லேத்தில் கடைந்தும், புதுப்பேட்டையில் வேறு வண்டிப் பாகத்தைத் தேடிப் பொருத்தியும் ஹெரால்டுகளை ஓடவைத்துக்கொண்டிருந்தது இந்தப் பட்டறைக் கைகள்தான்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அது அதே கார்தானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் பதிவு விதியும் 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அசல் வடிவம் குலையாதிருக்க வேண்டும், சேஸிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது என்கிறது. சேஸிஸை அறுப்பதையும், டீசல் எஞ்சினைத் திணிப்பதையும் நானும் ஏற்கவில்லை. ஆனால் 1970களில் லேத்தில் கடைந்த ஒரு புஷ், இறக்குமதிக்கு லைசென்ஸ் தேவைப்பட்ட காலத்து சென்னை எப்படி வாழ்ந்தது என்பதற்கான சான்று. வெளிநாட்டிலிருந்து புதிதாகத் தருவிக்கும் புஷ் அதைச் சொல்லாது. பட்டறை வேலை பல இடங்களில் அரைகுறைதானே என்பார்கள். உண்மைதான், பிரேக், ஸ்டியரிங் போன்ற உயிர் சம்பந்தப்பட்டவற்றில் தயங்காமல் புதியதைப் போடுங்கள். மற்றவற்றைக் கழற்றும் முன் படம் எடுங்கள், கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள், அதைச் செய்தவர் யார், எந்தப் பட்டறை என்று விசாரித்து வண்டியின் காகிதங்களோடு எழுதிவையுங்கள். அந்த மெக்கானிக்குகளில் பலருக்கு வயதாகிவிட்டது, இப்போதே கேளுங்கள்.