ரதி யாருக்காக அழுகிறாள்?

மாசிப் பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதி ஊர்களில் காமன் பண்டிகை தொடங்கும். அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் ஆமணக்கும் கரும்பும் நட்டு, வைக்கோல் சுற்றிக் காமனை நிறுத்துவார்கள். பௌர்ணமி இரவு எரிப்பார்கள். காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் லாவணி பாடும். காதல் தெய்வத்துக்கு ஊரே எடுக்கும் விழா. இதில் பெண் எங்கே நிற்கிறாள்?

பழைய நூல்களில் அவள் நடுவே நிற்கிறாள். பாலைக்கலியில் இளவேனில் வருகிறது, காமன் விழா வருகிறது, பிரிந்துபோனவன் மட்டும் வரவில்லை. அந்த ஏக்கம் பெண்குரலில்தான் கேட்கிறது. சிலப்பதிகாரத்தில் தேவந்தி கண்ணகியிடம், சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு இன்புற்று வாழலாம் என்கிறாள். அது நமக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுக்கிறாள். வகுப்பறையில் இந்த மறுப்பைக் கற்புக்குச் சான்றாகப் பாடம் நடத்துகிறோம். நானும் நடத்தியிருக்கிறேன். ஆனால் தேவந்தியின் பேச்சுக்குள் வேறொரு செய்தி இருக்கிறது: அந்தக் கோட்டத்துக்குப் பெண்கள் போனார்கள், தங்கள் விருப்பத்தைத் தெய்வத்திடம் சொன்னார்கள். மறுத்தவளைத் தெய்வமாக்கிய நாம், தொழப்போனவர்களை மறந்துவிட்டோம்.

ஆண்டாளுக்கும் இதுதான் நேர்ந்தது. நாச்சியார் திருமொழியின் முதல் பத்துப் பாடல்களும் காமனை நோக்கியவை. தரையைத் துலக்கி, மண்டலமிட்டு, நோன்பிருந்து, தான் விரும்பியவனோடு தன்னைச் சேர்த்துவைக்கச் சொல்லி அவள் கேட்கிறாள். மார்கழியில் திருப்பாவையை ஒலிபெருக்கியில் வைக்கும் தெருக்கள் இந்தப் பாடல்களை ஒலிக்கவிடுவதில்லை.

ஊர்க்கூத்தில் நிலை இன்னும் மாறிப்போனது. மரபாக ரதி வேடம் கட்டுபவர் ஆண். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்கள் காமன் கூத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கும் ஆண்தான் ரதியானார். பெண்ணின் காதலையும் கைம்மையையும் ஆண் குரல் பாட, பெண்கள் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். பகலெல்லாம் நாற்று நட்டவர்களுக்கும் கொழுந்து பறித்தவர்களுக்கும் விழாவில் கிடைத்தது பார்வையாளர் இடம்தான்.

ஆனாலும் கேட்பவர்கள் சும்மா கேட்கவில்லை. என் அப்பாயி இருபத்திரண்டு வயதில் தாலியறுத்தவர். நல்ல காரியங்களில் முன்னே வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர். காமன் எரியும் இரவில் மட்டும் திண்ணையோரம் வந்து உட்காருவார். ரதியின் ஒப்பாரி தொடங்கியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். "ஊரு சனம் ரதிக்கு அழுவுறேன்னு நெனச்சுக்கும், கண்ணு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். தனக்காக அழ அவருக்கு ஆண்டில் அந்த ஓர் இரவுதான் இருந்தது.

கதைப்படி மன்மதன் மீண்டு வருகிறான், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. அதைத்தான் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய வாதாடுகின்றன. திண்ணையோரம் இருந்தவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ஆசை எரிந்ததா இல்லையா என்பதற்கு அவளிடம் பதில் இருந்திருக்கும்.