மல்லாங்கிணற்றில் ஒரு வால்தம்

இந்த எபிசோடில் நாம் பேசப்போகிற பொருள் இப்போது என் மேஜை மேல்தான் இருக்கு. உள்ளங்கை அளவு வெள்ளி பாக்கெட் கடிகாரம். வெள்ளை டயல், ரோமன் எண்கள், ஆறு மணி இருக்கவேண்டிய இடத்தில் நொடி முள்ளுக்குன்னு தனியா ஒரு சின்ன வட்டம். டயலில் வால்தம் என்ற பெயர். மல்லாங்கிணற்றில் எங்கள் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில், ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றிக் கிடந்தது.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் சொல்லும் கதை இதுதான். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை போட்டப்போ, அவருடைய தாத்தா, அதாவது என் பூட்டன், விருதுபட்டிப் பக்கம் கல்லும் மண்ணும் வண்டியடித்தாராம். வேலை முடிந்ததும் வெள்ளைக்கார இன்ஜினியர் தன் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கடிகாரமாம் இது. விருதுபட்டி என்றால் இன்றைய விருதுநகர். அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1876இல். அப்படியென்றால் கடிகாரம் அதற்கு முன்னாலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

போன வருஷம் வீட்டு ஓடு மாற்றப் பணம் தேவைப்பட்டது. பழைய வெள்ளி வாங்குகிற ஒரு கடையில் காட்டினோம். "மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு, மேல்கூட்டை எடை போட்டு எடுத்துக்கிறேன்" என்றார் கடைக்காரர். அத்தை ஒன்றும் பேசாமல் கடிகாரத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: "ஏய்யா, நீதான் சரித்திரம் சரித்திரம்னு பேசுறியே, இது என்னன்னு பாத்துச் சொல்லு. விக்கிறதா வேணாமான்னு பெறகு பாப்போம்."

வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் வால்தம் என்றால் என்ன? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு ஊர். 1850இல் ஆரன் டென்னிசன் என்பவர் கூட்டாளிகளோடு பக்கத்து ஊரான ராக்ஸ்பரியில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கினார். 1854இல் அது வால்தமுக்கு மாறியது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கைவினைஞர்கள் ஒவ்வொரு கடிகாரத்தையும் அரம் போட்டு இழைத்து இழைத்துத்தான் பொருத்துவார்கள். ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் உட்காராது. டென்னிசன் துப்பாக்கித் தொழிற்சாலையைப் பார்த்து யோசித்தவர். துப்பாக்கிப் பாகங்களை ஒரே அளவில் இயந்திரத்தில் வெட்டுகிற மாதிரி, கடிகாரப் பாகங்களையும் வெட்டினால் என்ன? அந்த யோசனை ஜெயித்தது. 1957இல் கடிகார உற்பத்தி நின்றபோது வால்தம் சுமார் மூன்றரைக் கோடி கடிகாரங்கள் செய்திருந்தது.

நமக்கு முக்கியமான விஷயம், அவர்கள் ஒவ்வொரு மெஷினிலும் வரிசை எண் பொறித்தார்கள். எந்த எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதற்குப் பட்டியல்கள் உண்டு. ஓரிரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்.

நான் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தேன். உள்பக்கம் ஆறு இலக்கத்தில் ஒரு எண். வால்தமின் வரிசை எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1877 வாக்கில். ஆறு இலக்கம் என்றால் அதற்கு முந்தியது. கதைக்கு அச்சாகப் பொருந்துது! அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டார்.

தப்பு பண்ணிட்டேன். நான் படித்தது மேல்கூட்டின் எண். கூடு செய்தவர் ஒருவர், மெஷின் செய்தவர் இன்னொருவர். அந்த இரண்டு எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பின்மூடிக்குள் இன்னொரு மெல்லிய மூடி இருந்தது. அதைத் திறந்தால்தான் மெஷின் தெரியும். டவுனில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வாசித்தார். எட்டு இலக்கம். ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டிய எண். பட்டியல்படி 1901 வாக்கில் செய்தது.

மெஷினில் இருந்த கம்பெனிப் பெயரும் அதையே சொன்னது: 'அமெரிக்கன் வால்தம் வாட்ச் கம்பெனி'. அந்தப் பெயர் புழங்கியது 1885க்கும் 1906க்கும் இடையில். அதற்கு முன்னால் வெறும் 'அமெரிக்கன் வாட்ச் கம்பெனி'.

அடுத்து மேல்கூடு. அதில் சின்னச் சின்ன முத்திரைகள். நடக்கிற சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் என்றால் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் சோதித்தது. பர்மிங்காமுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அந்த ஊர் முத்திரை நங்கூரம்தான். பக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் ஒரு எழுத்து. அது 1901-02ஐக் காட்டியது. நான்காவது முத்திரை கூடு செய்தவருடையது: ஏ, எல், டி என்று மூன்று எழுத்து. ஆரன் லஃப்கின் டென்னிசன்!

அதே டென்னிசன்தான். 1860களின் தொடக்கத்தில் வால்தமை விட்டு விலகி, பின்னால் இங்கிலாந்துக்குப் போய் பர்மிங்காமில் கடிகாரக் கூடு செய்யும் தொழிலை ஆரம்பித்தார். வால்தம் மெஷின்கள் கப்பலில் இங்கிலாந்து வந்து, அவருடைய கூட்டில் ஏறி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க விற்பனைக்குப் போயின. டென்னிசன் 1895இல் இறந்தார், முத்திரை தொடர்ந்தது. அவர் தொடங்கி வைத்த இரண்டு தொழிலும் எங்கள் கடிகாரத்துக்குள் சேர்ந்திருக்கு.

ரயில்வே கடிகாரம் என்ற பேச்சையும் சோதித்தேன். ரயில்வே கம்பெனி ஊழியருக்குக் கொடுக்கிற கடிகாரத்தில் கம்பெனியின் எழுத்துகளைப் பொறிப்பது வழக்கம். இதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பின்மூடியின் உள்பக்கம், ஊசியால் கீறிய மாதிரி பொடி எழுத்துகள் இருந்தன. பழுது பார்ப்பவர்கள் தங்கள் அடையாளத்துக்காகக் கீறுவது. மூன்று கீறல்கள். ஒன்றில் தேதி படிக்கிற மாதிரி இருக்கு: 4-9-27. அரை நூற்றாண்டுக்குப் பக்கத்துக் கதை போய், 1927இல் யாரோ காசு கொடுத்து இதை ஓட வைத்தார்கள் என்பது கையில் கிடைத்தது.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். 1901இல் இது எந்த நேரத்தைக் காட்டியிருக்கும்? அப்போது ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். கிரீன்விச்சைவிட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொது நேரம் வந்தபோது அது ஐந்தரை மணி ஆனது. ரயிலைப் பிடிக்க வேண்டியவர் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னால் தள்ளியிருப்பார். மல்லாங்கிணற்றில் உச்சிப் பொழுது மெட்ராஸைவிடவே ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தித்தான் வரும். நம்ம கரிசக்காட்டில் சூரியன் ஒரு நேரம் சொல்ல, ஸ்டேஷன் கடிகாரம் வேறு நேரம் சொன்ன காலம் அது.

சரி, அத்தையிடம் எப்படிச் சொல்வது? இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெத்தலையை மென்றுகொண்டே கேட்டார். "அப்போ பாதை போட்டு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் இதையே செஞ்சிருக்கான்?"

"ஆமா அத்தை."

"அப்ப வெள்ளைக்காரன் சும்மா குடுத்தது இல்ல. எங்க தாத்தா பருத்தி வித்த காசுல வாங்கியிருக்காரு."

"அதுக்கும் சான்று இல்லையே அத்தை."

"எனக்கு இது போதும்யா. நீ உன் சான்றைத் தேடு." கடிகாரத்தைத் திரும்ப என் கையில் வைத்தார். ஓட்டுக்கு வேறு வழி பார்த்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், கத்தி போட்டு நெம்பாதீங்க. தெரிந்த ரிப்பேர்காரரை விட்டுத் திறந்து, மெஷின் எண்ணைத் தனியா, கூட்டின் எண்ணைத் தனியா குறிச்சுக்கங்க. முத்திரைகளை, கீறல்களைப் படம் எடுங்க. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையையும் அப்படியே பதிவு பண்ணுங்க, பொருந்தலைன்னாலும் பரவாயில்லை. கூட்டை மட்டும் உருக்கக் கொடுத்துடாதீங்க. எங்கள் கடிகாரம் சொன்னதில் பாதி அந்தக் கூட்டில்தான் இருந்தது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.